வீட்டில் சி.என்.சி. பட்டறை: மெஷினைக் கடைசியில் வாங்குங்கள்

"சி.என்.சி. போடலாம்னு இருக்கேன், எந்த மெஷின் வாங்கலாம்?" (சி.என்.சி. என்றால் எழுதிக் கொடுத்த புரோகிராம்படி உலோகத்தை வெட்டுகிற கணினிக் கட்டுப்பாட்டு மெஷின்.) வீட்டோடு பட்டறை ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் யாருக்கு, எந்த வேலை, எந்தத் தரையில், எந்தக் கரண்டில், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டால் எந்த மெஷின் என்பது தானாகவே தெரிந்துவிடும். அதனால் இதில் மெஷின் வாங்கும் பகுதி பாதி தாண்டித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பம்பு, மோட்டார், ஜவுளி இயந்திர உதிரி, வெட் கிரைண்டர் என்று ஆயிரம் பொருள் செய்கிற ஊர். கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி பக்கம் வீட்டு முன்பக்கம் ஷட்டர் போட்டு உள்ளே ஒரு லேத்து (கடைசல் மெஷின்) ஓடுவது யாருக்கும் ஆச்சரியமில்லை. அம்பத்தூர், ஓசூர் என்றால் வாடிக்கையாளரும் ரேட்டும் மாறும், முறை பெரிதாக மாறாது. யூட்யூபில் மேசை மேல் வைத்து மரமும் அக்ரிலிக்கும் வெட்டுகிற சின்ன ரவுட்டர் பற்றி இங்கே பேசவில்லை. அதை வைத்துக்கொண்டு இரும்பு வெட்டப் போகாதீர்கள்.

1. வேலை பிடிப்பது

மெஷின் இல்லாமலே வேலை பிடிக்க முடியுமா? முடியும், அதுதான் சரியான வரிசையும்கூட. தெரிந்த பம்பு கம்பெனி, ஸ்பெஷல் பர்ப்பஸ் மெஷின் கட்டுகிறவர்கள், பேக்கிங் மெஷின் செய்கிறவர்கள் என்று நாலு இடம் போய் டிராயிங் கேளுங்கள். கிடைத்த வேலையை ஏற்கெனவே மெஷின் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து ஓட்டி வாங்கி, நீங்களே அளந்து பார்த்து டெலிவரி கொடுங்கள். லாபம் பெரிதாக நிற்காது. ஆனால் மூன்று நான்கு மாதத்தில் எந்த வாடிக்கையாளர் சொன்ன தேதிக்குப் பணம் தருகிறார், யார் டிராயிங்கை ஓயாமல் மாற்றுகிறார், என்ன பொருள் அதிகம் வருகிறது, என்ன விட்டத்தில் வருகிறது என்பதெல்லாம் கைக்கு வந்துவிடும். வருகிற வேலையில் முக்கால்வாசி 20 முதல் 60 மி.மீ. கம்பியில் செய்கிற புஷ், ஸ்பேசர், ஷாஃப்ட் போன்ற உருளைப் பாகங்கள் என்றால் உங்களுக்குத் தேவை ஒரு சின்ன சி.என்.சி. லேத்து. பிளேட்டில் ஓட்டை, பாக்கெட், ஸ்லாட் என்று வந்தால் வி.எம்.சி., அதாவது சுழலும் டூல் மேலிருந்து இறங்கி வெட்டுகிற மெஷின். இந்தப் பட்டியல் கையில் இல்லாமல் கண்காட்சிக்குப் போகாதீர்கள். கோடிசியாவின் இன்டெக்கிலோ பெங்களூர் இம்டெக்ஸிலோ போய் நின்றால் எல்லா மெஷினும் உங்களுக்காகவே செய்தது போலத் தெரியும்.

கார் கம்பெனிகளுக்கு உதிரி செய்வது என்று முதல் நாளே கனவு வேண்டாம். அதில் ரேட் பைசா கணக்கு, தர ஆவணங்கள் ஒரு கட்டு, ரிஜெக்ஷன் வந்தால் டெபிட் நோட் (பணத்தைப் பிடித்தம் செய்யும் சீட்டு) நேராக வீட்டுக்கு வரும். வீட்டுப் பட்டறைக்கு ஏற்றது பத்து இருபது பீஸ், நாளைக்கே வேண்டும், பெரிய ஆட்கள் தொட மாட்டார்கள் என்கிற வகை வேலை. ஏன் என்பது கணக்குப் பகுதியில் புரியும்.

2. கை பழக்கம்

புரோகிராம் படிப்பது ஒரு மாத விஷயம். செட்டிங்தான் தொழில். ஜா (பீஸைப் பிடிக்கும் தாடை) போட்டு, டூல் ஆஃப்செட் (டூலின் நுனி எங்கே என்று மெஷினுக்குச் சொல்லும் அளவு) எடுத்து, முதல் பீஸ் அளந்து, அளவுக்குக் கொண்டுவருவது வகுப்பில் வராது. ஏதாவது ஒரு பட்டறையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்து, செட்டர் பக்கத்தில் நின்று பழகுங்கள். ஒரு வருடமாவது ஆகும். கோவையில் ஜி.டி.டி.ஐ. போன்ற பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு அப்ரண்டிஸ் வழியும் உண்டு. லேத்து வேலைக்குக் கேம் மென்பொருள் (டிராயிங்கிலிருந்து புரோகிராமை எழுதித் தருவது) அவசியமே இல்லை. ஜி 71 ரஃபிங் (முரட்டு வெட்டு), ஜி 70 ஃபினிஷிங் (கடைசி வெட்டு), ஜி 76 திரெட் (மரை), இந்த மூன்று சைக்கிளும் கையால் எழுதத் தெரிந்தால் சாதாரண ஜாப் ஒர்க் (அடுத்தவர் பொருளைக் கூலிக்குச் செய்து தருவது) பெரும்பாலும் ஓடிவிடும். வி.எம்.சி. என்றால் மென்பொருள் வேண்டும். அப்போது ஃபியூஷன் (முன்பு ஃபியூஷன் 360) மென்பொருளின் இலவச உரிமம் தொழிலுக்கு அல்ல, சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

3. இடம்

சின்ன சி.என்.சி. லேத்தே இரண்டரை முதல் நாலு டன் எடை வரும், வி.எம்.சி. அதற்கும் மேல். அதனால் தரைத்தளம் மட்டும்தான், மாடி என்ற பேச்சே இல்லை. டைல்ஸ் போட்ட வீட்டுத் தரை போதாது. உடைத்து எடுத்துவிட்டு 150 முதல் 200 மி.மீ. கனத்துக்குக் கம்பி கட்டிய கான்கிரீட் போட்டு, நன்றாக நீர் ஊற்றி ஆற விட்டு அப்புறம் மெஷினை வையுங்கள். சிங்காநல்லூர், சூலூர் பக்கம் கரிசல் மண்ணாக இருந்தால் இன்னும் ஆழம் தோண்ட வேண்டியிருக்கும். கரிசல் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிற மண், அது அசைந்தால் மெஷினின் லெவலும் அசையும். இதற்கு மேஸ்திரி சொல்வதை மட்டும் கேட்காமல் ஒரு சிவில் இன்ஜினியரிடம் காட்டிவிடுங்கள்.

ஷட்டரின் உயரம் அகலத்தை மெஷினின் லேஅவுட் டிராயிங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியம், ஹைட்ரா கிரேன் உங்கள் சந்துக்குள் திரும்புமா, மேலே போகிற மின்கம்பி எவ்வளவு உயரம் என்பது. மெஷினுக்குப் பின்னால் ஆள் நுழைந்து எலெக்ட்ரிக்கல் கேபினட் கதவை முழுதாகத் திறக்க இடம் விடுங்கள். சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு சர்வீஸ் இன்ஜினியர் வரும்போது நாலு டன்னை நகர்த்துகிற கூத்து நிறைய இடத்தில் நடக்கிறது.

அடுத்தது சத்தம். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். மெஷினை விடக் காற்று கம்ப்ரசரும் ஏர் கன்னும்தான் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பும். லேத்துக்குச் சக் (ஜா மாட்டியிருக்கும் பிடிப்பான்) பெரும்பாலும் ஹைட்ராலிக்கில் ஓடுவதால் காற்று சிப்ஸ் (வெட்டு சுருள்) ஊதித் தள்ள மட்டும் போதும், சின்ன கம்ப்ரசர் வைத்துச் சமாளிக்கலாம். வி.எம்.சி.க்கு டூலைக் கழற்றி மாட்டவே காற்று வேண்டும், கம்ப்ரசர் நின்றால் மெஷின் அலாரம் போட்டு நிற்கும். எது எப்படியோ, வீட்டுப் பட்டறையில் நைட் ஷிஃப்ட் கிடையாது என்பதை இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். பட்டறையின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது.

4. கரண்ட்

வீட்டு இணைப்பில் மெஷின் ஓட்டினால் மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவில் அங்கீகாரமில்லாத பயன்பாடு, இரண்டு மடங்கு கட்டணத்தில் கணக்குப் போட்டு வசூலிப்பார்கள். பட்டறை இடத்தை வீட்டிலிருந்து தெளிவாகப் பிரித்து அதற்கென்று தனி மும்முனை இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டில் 12 கிலோவாட் வரை இணைப்புச் சுமை உள்ள குறுந்தொழிலுக்கு 3 ஏ 1 என்கிற தாழ்வழுத்தக் கட்டணம் உண்டு, அதைத் தாண்டினால் 3 பி. ஸ்பிண்டில் (பீஸைச் சுழற்றும் தண்டு) மோட்டார், டூலை நகர்த்தும் சர்வோ, ஹைட்ராலிக் மோட்டார், கூலன்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம்) பம்பு, கம்ப்ரசர், லைட் எல்லாவற்றையும் நேம் பிளேட் பார்த்துக் கூட்டுங்கள். ஒரு சின்ன லேத்தும் சின்ன கம்ப்ரசரும் 12-க்குள் அடங்கலாம், கொஞ்சம் பெரிய ஸ்பிண்டில் எடுத்தால் அடங்காது. மெஷின் தேர்வில் இதுவும் ஒரு கணக்கு, விற்பனையாளர் இதைச் சொல்ல மாட்டார்.

சர்வோ ஸ்டெபிலைசர், ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், மெஷினுக்கென்று தனி எர்த் குழி, இவை மூன்றும் வேண்டும். எர்த் ஒரு ஓமுக்குக் கீழே இருக்கட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்தால் ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. டிரைவ் கார்டு ஒன்று போனால் ஆகிற செலவில் இந்த மூன்றையும் செய்துவிடலாம். பக்கத்தில் வெல்டிங் பட்டறை இருந்தால் இன்னும் ஒரு படி ஜாக்கிரதை. மாதாந்திரப் பராமரிப்பு என்று துணைமின் நிலையம் வாரியாகப் பகல் முழுக்க மின்தடை வரும், முந்தைய நாள் பேப்பரில் போட்டுவிடுவார்கள். அந்த நாளை டெலிவரிக்கும் டூல் வாங்கவும் வைத்துக்கொண்டால் நஷ்டம் தெரியாது.

5. கணக்கு: ஸ்பிண்டில் ஓடும் மணிக்கு எவ்வளவு

உதாரணத்துக்கு ரூபாயை நான் வைத்துக்கொள்கிறேன், உங்கள் எண்களைப் போட்டுத் திரும்பச் செய்யுங்கள். புது மெஷினுக்கு 12 லட்சம் கடன், 10.5 சதவீதம், 5 வருடம். தவணை மாதம் சுமார் 25,800. ஆப்பரேட்டர் சம்பளம் 20,000, கரண்ட் 8,000, இன்சர்ட் (டூலின் மாற்றக்கூடிய வெட்டு நுனி), டிரில், கூலன்ட் 8,000, ரிப்பேருக்கு ஒதுக்குவது 5,000. மொத்தம் 66,800. ஒரு ஷிஃப்ட் 8 மணி, மாதம் 25 நாள் என்றால் 200 மணி. ஆனால் செட்டிங், அளப்பது, பொருள் வராமல் காத்திருப்பது, கரண்ட் போவது எல்லாம் போக உண்மையில் காசாகிற நேரம் 65 சதவீதம் வந்தால் பெரிய விஷயம், அதாவது 130 மணி. 66,800-ஐ 130-ஆல் வகுத்தால் மணிக்கு 514 ரூபாய் அடக்க விலை. சாதாரண டர்னிங் வேலைக்கு 350 ரூபாய்தான் கிடைக்கிறது என்று வைத்தால் மாதம் 21,300 கையை விட்டுப் போகும்.

பெரிய பட்டறைகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? இரண்டு ஷிஃப்ட், ஒரே வேலையை மாதக்கணக்கில். தவணை அதே 25,800-தான், மற்ற செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகி மொத்தம் 1,04,800. ஓட்டம் 80 சதவீதம், 320 மணி. மணிக்கு 328 ரூபாய் அடக்கம், 350-க்கு விற்றால் தப்பிக்கலாம். இந்த வழி உங்களுக்கு மூடியிருக்கிறது, ஏனென்றால் இரவு ஓட்ட முடியாது.

ஆக வீட்டுப் பட்டறைக்கு இரண்டே பிடி. ஒன்று, தவணையைக் குறைப்பது. நல்ல பழைய மெஷின், 5 லட்சம் கடன், 12 சதவீதம், 4 வருடம் என்றால் தவணை 13,200-க்குள் நிற்கும், ஆப்பரேட்டரும் நீங்களே. பத்து மணி நேரம், 26 நாள், 70 சதவீதம் ஓட்டம் என்று உழைத்தால் 182 மணி. செலவு சுமார் 40,000, 350 ரேட்டில் வரவு 63,700. கையில் நிற்பது ஒரு நல்ல ஆப்பரேட்டரின் சம்பளம், அவ்வளவுதான். இதற்காகவா வீட்டுத் தரையை உடைத்தோம் என்று தோன்றும். அங்கேதான் இரண்டாவது பிடி, ரேட்டை ஏற்றுவது. அதே 182 மணி 500 ரூபாயில் ஓடினால் வரவு 91,000. 500 யார் தருவார்? ஆயிரம் பீஸ் கேட்கிறவர் தரமாட்டார். மெஷின் நின்றுபோய் ஒரே ஒரு ஷாஃப்ட் இன்று மாலைக்குள் வேண்டும் என்று ஓடி வருகிறவர் தருவார், புது மெஷின் டிசைன் செய்து ஐந்து பீஸ் மாதிரி கேட்கிறவர் தருவார். பொருளையும் நீங்களே வாங்கி, பிளாக்கனிங்கோ பிளேட்டிங்கோ வெளியில் போட்டு வாங்கி, முடிந்த பாகமாகக் கொடுத்தால் அதிலும் கொஞ்சம் நிற்கும்.

6. காகிதங்கள், கடன்

உத்யம் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரை மணி நேர வேலை, இதற்குக் காசு கேட்கும் இணையதளங்களை நம்பாதீர்கள். மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ தொழில் உரிமம் எடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் உங்கள் வேலை எதில் வருகிறது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எலெக்ட்ரோ பிளேட்டிங் மாதிரி எதையும் வீட்டில் தொடவே வேண்டாம்.

ஜி.எஸ்.டி.யில் ஜாப் ஒர்க் சேவைக் கணக்கில் வருவதால் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். இருந்தாலும் மெஷின் வாங்கும் முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது. 15 லட்சம் மெஷினுக்கு 18 சதவீதம் என்றால் 2,70,000 ரூபாய் வரி, பதிவு இருந்தால் அதை வரவு வைத்துப் பிறகு கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். தவிர, பதிவு இல்லாதவருக்குக் கம்பெனிகள் வேலை தரத் தயங்கும்.

மானியம் என்றால் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டம், அதில் 25 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. மத்திய அரசின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யும் இருக்கிறது. இரண்டுக்கும் மாவட்டத் தொழில் மையம்தான் வாசல், தகுதியையும் நடப்பு நிலையையும் அங்கேயே கேளுங்கள். கவனிக்க வேண்டியது, பி.எம்.இ.ஜி.பி. மானியம் உங்கள் கைக்கு வராது, மூன்று வருடம் வங்கியிலேயே டெபாசிட்டாகக் கிடந்து பிறகுதான் கடனில் கழியும். அதோடு இந்தத் திட்டங்கள் பொதுவாகப் புது மெஷினுக்குத்தான். மானியம் கிடைக்கிறதே என்பதற்காகப் புதிதை வாங்கி, மேலே சொன்ன 514 ரூபாய்க் கணக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

7. இப்போது மெஷின்

கன்ட்ரோல் (மெஷினை ஓட்டும் கணினி) ஃபேனக் அல்லது சீமென்ஸாக இருக்கட்டும். உங்கள் ஊரில் சர்வீஸ் ஆளும் உதிரியும் கிடைக்கிற பிராண்டு எதுவோ அதுவே நல்ல பிராண்டு. எல்.எம்.டபிள்யூ., ஏஸ், ஜோதி, பி.எஃப்.டபிள்யூ. என்று நம் நாட்டு மெஷின்கள் பழையதிலும் நிறையக் கிடைக்கும்.

பழையதைப் பார்க்கப் போகும்போது ஒரு டயல் இண்டிகேட்டரும் மைக்ரோமீட்டரும் கையோடு எடுத்துப் போங்கள், கூட ஒரு நல்ல சர்வீஸ் ஆளையும். மெஷின் கரண்டில் இருந்து ஓட வேண்டும், ஓடாத மெஷினை எவ்வளவு மலிவு என்றாலும் தொடாதீர்கள். ஸ்பிண்டிலை மேல் வேகத்தில் அரை மணி ஓடவிட்டு முன் பேரிங் பக்கம் கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடும் கரகரப்பும் ஆகாது. ஹேண்ட் வீலை 0.01 மி.மீ. படியில் வைத்து டயலை டர்ரெட்டில் (டூல்கள் மாட்டியிருக்கும் தலையில்) தொடவிட்டு ஒரு திசையில் நகர்த்தி, பிறகு எதிர்த்திசையில் திருப்புங்கள், முள் அசைவதற்குள் எத்தனை கிளிக் வீணாகிறது என்று எண்ணுங்கள். அதோடு நிறுத்தாமல் ஃபேனக்கில் 1851-ஆம் பாராமீட்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அது பேக்லாஷை (திசை திரும்பும்போது வரும் தளர்வை) ஈடுகட்டும் எண், அதில் பெரிய மதிப்பைப் போட்டுத் தேய்மானத்தை மறைத்திருந்தால் டயலில் தெரியாதது அங்கே தெரியும்.

அப்புறம் 50 மி.மீ. கம்பி ஒன்றை 100 மி.மீ. வெளியே நீட்டிப் பிடித்து லேசாக ஒரு கட் எடுத்து இரண்டு முனையும் அளந்து பாருங்கள். நூறு மி.மீ. நீளத்தில் டேப்பர் (இரு முனைகளின் விட்ட வித்தியாசம்) 10 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்றால் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் சரி. மெல்லிய கம்பியில் இந்தச் சோதனையைச் செய்தால் கம்பி வளைவதே டேப்பராகக் காட்டும், விற்பவரோடு சண்டைதான் மிஞ்சும்.

பாராமீட்டர், லேடர் (மெஷினின் உள் இயக்க நிரல்), புரோகிராம் முழுவதையும் கார்டிலோ பென் டிரைவிலோ பேக்கப் எடுத்துக் கொடுத்தால்தான் பணம். கன்ட்ரோலின் நினைவகத்தைத் தாங்குவது ஒரு சின்ன பேட்டரி. ஓரமாகப் போட்டு வைத்த மெஷினில் அது தீர்ந்துபோனால் பாராமீட்டர் அத்தனையும் அழிந்துவிடும். திரையில் பேட்டரி எச்சரிக்கை மின்னுகிறதா பாருங்கள். மாற்றும்போது மெஷினை ஆன் செய்து வைத்துக்கொண்டே மாற்ற வேண்டும், இதில் மட்டும் ஆஃப் செய்துவிட்டு என்கிற வழக்கமான ஜாக்கிரதை உதவாது.

8. கூட வாங்குவது

மெஷின் விலைக்கு மேல் இன்னும் ஒன்றரை இரண்டு லட்சம் வைத்துக்கொள்ளாமல் இறங்காதீர்கள். டூல் ஹோல்டர், போரிங் பார் (ஓட்டையின் உட்பக்கம் கடைய), சாஃப்ட் ஜா (பீஸுக்கு ஏற்பக் கடைந்துகொள்ளும் ஜா), காலட் (சின்னக் கம்பியைப் பிடிக்க), இன்சர்ட் என்று பணம் கரையும். ஆரம்பத்தில் சி.என்.எம்.ஜி. 120408 ரஃபுக்கு, டி.என்.எம்.ஜி. ஒன்று ஃபினிஷுக்கு, ஒரு பார்ட்டிங் (பீஸை அறுத்தெடுக்க), ஒரு திரெட், இரண்டு அளவில் போரிங் பார், இவ்வளவு போதும். மற்றதை வேலை வரும்போது வாங்குங்கள்.

அளக்கும் கருவியில் கஞ்சத்தனம் வேண்டாம். வெர்னியர், 0 முதல் 75 வரை மைக்ரோமீட்டர்கள், போர் கேஜ் (ஓட்டை அளக்க), அடிக்கடி வருகிற அளவுக்கு பிளக் கேஜ் (ஓட்டைக்குள் விட்டுப் பார்க்க), ஒரு கிரானைட் தட்டு. இவற்றுக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் கேலிப்ரேஷன் சான்றிதழ் வாங்கி ஃபைலில் வைத்தால் புது வாடிக்கையாளர் வரும்போது பாதிப் பேச்சு மிச்சம்.

கூலன்ட் கலக்கும்போது தண்ணீரில் எண்ணெயை ஊற்றுங்கள், எண்ணெயில் தண்ணீரை அல்ல. தலைகீழாகச் செய்தால் திரிந்துவிடும். போர்வெல் உப்புத் தண்ணீரும் ஆகாது, குழாய்த் தண்ணீர் வந்தால் அதைப் பிடித்து வையுங்கள். செறிவை ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வைத்துப் பாருங்கள், நாற்றம் வந்தபிறகு பார்ப்பதில் பயனில்லை.

9. முதல் வேலை

40 மி.மீ. இ.என். 8 ஸ்டீல் கம்பியில் ஒரு புஷ்: வெளிவிட்டம் 38, உள்விட்டம் 25 எச் 7, நீளம் 30. எச் 7 என்றால் 25.000-இலிருந்து 25.021 வரை, மொத்தம் 21 மைக்ரான்தான் உங்கள் இடம்.

வேகம் போடுவோம். கார்பைடு இன்சர்ட்டுக்கு நிமிடத்துக்கு 180 மீட்டர் என்று எடுத்தால், 180 × 1000 ÷ (3.14 × 40), சுமார் 1430 சுற்று. ஜி 96 போட்டால் விட்டத்துக்கு ஏற்ப மெஷினே வேகத்தை மாற்றிக்கொள்ளும். ஆனால் முகப்பு வெட்டும்போது டூல் மையத்தை நெருங்க நெருங்க வேகம் ஏறிக்கொண்டே போகும், ஜி 50-இல் உச்ச வேகத்தைக் கட்டாமல் விட்டால் மெஷினின் மேல் எல்லை வரை பறக்கும். வேகம் ஏறினால் ஜா வெளிப்பக்கம் இழுக்கப்பட்டுப் பிடி தளரும், பீஸ் கதவில் வந்து அடிக்கும். ஒவ்வொரு புரோகிராமின் தலையிலும் ஜி 50 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சைக்கிள் ஸ்டார்ட். அதேபோல ஸ்பிண்டிலுக்குப் பின்னால் கம்பி தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. வேகத்தில் அது வளைந்து சாட்டையாகச் சுழலும், பக்கத்தில் நிற்பவர் கதி அவ்வளவுதான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பட்டறைக் கதவுக்குப் பூட்டு, கைக்கு எட்டாத சாவி, இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

ஃபினிஷிங் ஃபீடு எவ்வளவு? இன்சர்ட் நுனியின் மூக்கு ஆரம் 0.8 மி.மீ., ஃபீடு (டூல் நகர்வது) சுற்றுக்கு 0.2 மி.மீ. என்றால் கணக்குப்படி மேடுபள்ளம் 6.25 மைக்ரான். ஃபீடை 0.1 ஆக்கினால் நாலில் ஒரு பங்கு, சுமார் 1.6. ஃபினிஷ் சரியில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள், இன்சர்ட் கம்பெனியைத் திட்டுவது அப்புறம்.

முதல் பீஸில் அளவை நேராகப் பிடிக்கப் போகாதீர்கள். வெளி டூலுக்கு வேர் ஆஃப்செட்டில் (தேய்மானத் திருத்த எண்ணில்) 0.2 கூட்டி, போரிங் டூலுக்கு 0.2 குறைத்து ஓட்டுங்கள். வெளியே பெரிதாகவும் உள்ளே சிறிதாகவும் வரும், இரண்டிலும் பொருள் மிச்சம். அளந்து, வித்தியாசத்தைத் திருத்தி, ஃபினிஷிங்கை மட்டும் திரும்ப ஓட்டினால் முதல் பீஸே நல்ல பீஸ். அளக்கும்போது பீஸ் ஆறியிருக்க வேண்டும். ஆறிய நிலையைவிட 30 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் 25 மி.மீ. ஓட்டை ஒன்பது மைக்ரான் அளவுக்குப் பெரிதாகக் காட்டும், இருக்கிற 21-இல் கிட்டத்தட்டப் பாதி அதிலேயே போச்சு. காலையில் குளிர்ந்த மெஷினில் எடுத்த அளவும் மதியம் நிற்காது, கால் மணி நேரம் சும்மா சுற்றவிட்டு ஆரம்பியுங்கள்.

இந்த புஷ்ஷின் சுவர் ஆறரை மி.மீ., பரவாயில்லை. இரண்டு மி.மீ. சுவர் உள்ள வளையம் வந்தால் சக் அழுத்தத்திலேயே நசுங்கும். பிடித்திருக்கும்போது வட்டமாகக் கடைந்தது, கழற்றியதும் மூன்று பக்கம் உப்பியிருக்கும். இரண்டு புள்ளியில் தொட்டு அளக்கும் கருவியில் இந்த மூன்று மூலை வடிவம் தெரியவே தெரியாது, எந்தப் பக்கம் வைத்தாலும் ஒரே அளவு காட்டும். பிளக் கேஜ் உள்ளே போகாதபோதுதான் குட்டு வெளிப்படும். அழுத்தத்தைக் குறைத்து, பீஸை முழுதாகத் தழுவுகிற மாதிரி சாஃப்ட் ஜாவை அதே மெஷினில் கடைந்து பிடியுங்கள்.

10. ரேட், சலான், பணம்

ரேட் சொல்லும்போது செட்டிங் நேரத்தைத் தனியாக எழுதுங்கள். செட்டிங் ஒன்றரை மணி, ஏற்றி இறக்கி ஒரு பீஸுக்கு 3 நிமிடம், மணிக்கு 450 ரூபாய் என்றால்: 500 பீஸுக்கு 26.5 மணி, பீஸ் 24 ரூபாய். 50 பீஸுக்கு 4 மணி, பீஸ் 36 ரூபாய். "போன தடவை 24-தானேப்பா வாங்கினீங்க" என்று 50 பீஸுக்கும் அதே ரேட்டைக் கேட்பார்கள், ஒத்துக்கொண்டால் உங்களுக்கு மணிக்கு 300 ரூபாய்தான் மிஞ்சும். "செட்டிங் சார்ஜ் தனி சார், பீஸ் ரேட் அதே தான்" என்று சொல்லிப் பழகுங்கள், பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள்.

வாடிக்கையாளர் பொருள் தந்தால் டெலிவரி சலான் இல்லாமல் உள்ளே விடாதீர்கள். எத்தனை கம்பி, என்ன எடை, எத்தனை பீஸ் வரும், எத்தனை செட்டிங்கில் போகும் என்று சலானிலேயே எழுதிவிட்டால் பின்னால் கணக்குத் தகராறு வராது. கழிவுச் சுருள் யாருக்கு என்பதையும் ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள், கன்மெட்டல், ஸ்டெயின்லெஸ் என்றால் அதுவே நல்ல காசு. உலோகம் கலக்காமல் தனித்தனி டிரம்மில் வையுங்கள்.

பணம் வருவதுதான் இந்தத் தொழிலின் பெரிய தலைவலி. எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி (எச்) பிரிவு 2024 ஏப்ரல் முதல் வந்தபிறகு, அந்தக் காலத்தைத் தாண்டி வருட முடிவிலும் தராமல் நிற்கிற தொகையை வாங்குகிறவர் அந்த வருடச் செலவில் காட்ட முடியாது என்பதால் மார்ச் மாதத்தில் மட்டும் கொஞ்சம் வேகம் தெரிகிறது. பில்லில் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். பணம் தாமதமானால் அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கவும் வழி உண்டு, ஆனால் அடுத்த ஆர்டரும் அதே ஆளிடம் வேண்டும் என்றால் யார் கொடுப்பார்கள்? நடைமுறையில் உங்களைக் காப்பது இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வைத்திருப்பதும், ஒரே வாடிக்கையாளரிடம் பாதிக்கு மேல் வேலை வைத்துக்கொள்ளாததும்தான்.

11. இரண்டாவது மெஷின்

முதல் மெஷின் மூன்று மாதம் தொடர்ந்து நிரம்பி, நீங்கள் வேலையை வெளியில் கொடுத்து ஓட்டுகிற நிலை வந்தால் மட்டும் யோசியுங்கள். பலர் உடனே வி.எம்.சி. பக்கம் தாவுவார்கள். என் கணக்கில் அதே கன்ட்ரோல், அதே அளவு டூல் ஹோல்டர் உள்ள இன்னொரு லேத்துதான் முதல் தேர்வு. புரோகிராம், ஜா, இன்சர்ட் எல்லாம் இரண்டுக்கும் பொது, ஒரு ஆளே இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சுமை 12 கிலோவாட்டைத் தாண்டிவிடும், மின் இணைப்பை மாற்றுவதற்கான விண்ணப்பத்தை மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.